ஜூனோ-106: ஒரு வாய்ஸ் ஊமை, ஒரு வாய்ஸ் அடங்க மாட்டேங்குது. அசிட்டோனா, புது சிப்பா?

கட்டைவிரல் எழுதியது:

வணக்கம். மேசையில் ஒரு ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் இருக்கு. ஜப்பானுக்குள் விற்ற மாடல், பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட்னு போட்டிருக்கு. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாத்தான் ஓடுது. நிலவரம் இதுதான்:

பாலி 1-ல் (தட்டுக்கு ஒரு வாய்ஸா வரிசையா மாறி வர்ற முறை) ஏதாவது ஒரு கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினா, ஆறு தட்டுக்கு ஒரு தட்டு சத்தமே வராது. கட்டை எதுவானாலும் அதே கணக்கு. ஆக கீபோர்டில் கோளாறு இல்லை, ஒரே நேரத்தில் ஆறு சுருதி வாசிக்க உள்ளே இருக்கற ஆறு வாய்ஸில் ஒண்ணு போயிருக்கு.

இன்னொரு வாய்ஸ் விட்ட பிறகும் அடங்க மாட்டேங்குது. ரிலீஸ் ஸ்லைடர் பூஜ்யத்தில் இருக்கும்போதே, கடைசியா வாசிச்ச சுருதி பின்னணியில் மெல்லிசா ஓடிக்கிட்டே இருக்கு. நடுநடுவே கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம்.

கோரஸ் (ஒலியை அகலமாக்கற எஃபெக்ட்) போட்டால் 'ஸ்ஸ்'னு இரைச்சல். பேட்ச் (சேமிச்சு வச்ச ஒலி அமைப்பு) எல்லாம் இன்னும் இருக்கு, ஆனா உள்ளே பேட்டரி எந்தக் காலத்துதுன்னு தெரியலை.

தேடிப் பார்த்தா, 80017ஏ சிப்பைக் கழட்டி அசிட்டோனில் ஊறப் போடுன்னு ஒரு கட்சி, ஆறையும் மொத்தமா மாத்துன்னு இன்னொரு கட்சி. எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் எந்த சிப் போயிருக்குன்னு உறுதியா தெரிஞ்சுக்க வழி இருக்கா? சால்டரிங் ஓரளவு வரும். மல்டிமீட்டர் இருக்கு, ஆசிலோஸ்கோப் இல்லை.

சால்டர்சாமி எழுதியது:

பாதி வேலையை மூடியைத் திறக்காமலே முடிச்சிடலாம். அதுக்கு முதல்ல சத்தம் போகிற வழி மனசில் இருக்கணும்.

106-ல் சுருதியை முடிவு செய்யறது டிஜிட்டல் கிளாக். 8253 டைமர் இரண்டு இருக்கு, ஒவ்வொண்ணும் மூணு வாய்ஸுக்கு கிளாக் கொடுக்கும். அந்த கிளாக் எம்சி5534ஏ சிப்புக்குப் போகும். அது மொத்தம் மூணு, ஒண்ணுக்கு இரண்டு வாய்ஸ். சா அலை (ரம்பப்பல் வடிவம்), பல்ஸ் (சதுர வடிவம்), சப் (ஒரு ஆக்டேவ் கீழே வர்றது) எல்லாம் அங்கேதான் உருவாகுது. அதுக்குப் பிறகுதான் நீங்க சொல்ற 80017ஏ. அது வாய்ஸுக்கு ஒண்ணு, மொத்தம் ஆறு. 24 டெசிபெல் ஃபில்டரும் (விசிஎஃப்) சத்த அளவைக் கட்டுப்படுத்தற விசிஏவும் அதுக்குள்ளே. நாய்ஸ் ஜெனரேட்டர் எல்லா வாய்ஸுக்கும் பொது. அது 5534-ஐத் தொடாமல் நேரா ஃபில்டர் வாசலுக்கு வரும். ஆறும் கூடின பிறகு எச்பிஎஃப் (பாஸைக் குறைக்கற ஃபில்டர்), கோரஸ், வெளியே.

எத்தனை வாய்ஸ் போயிருக்கு என்கிற எண்ணிக்கையே முதல் துப்பு. ஒண்ணு மட்டும்னா 80017ஏ மேல் சந்தேகம். ஒரே 5534-ஐப் பகிர்ந்துக்கிற ஜோடி சேர்ந்து போனா 5534. மூணு வாய்ஸ் ஒரே நேரத்தில் ஊமைன்னா 8253 பக்கம் பாருங்க. ஆறும் போனா பவர் சப்ளை, இல்லைன்னா கோரஸுக்கு அப்புறம் ஏதோ. இது சந்தேகத்தை எங்கே திருப்பணும்னு சொல்ற கணக்குதான். தீர்ப்பு சோதனையில்தான் வரும். 5534-ல் பாதி மட்டும் போய், ஜோடியில் ஒரு வாய்ஸ் நல்லா இருக்கறதும் உண்டு.

சோதனைக்கு கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே பவர் போடுங்க. டெஸ்ட் மோடுக்குள் போயிடும். இனி கட்டையைத் தட்டத் தட்ட எந்த வாய்ஸ் பேசுதுன்னு டிஸ்ப்ளேயில் 1 முதல் 6 வரை எண் வரும். ஊமை எந்த எண், அடங்காதது எந்த எண்ணுன்னு முதல்ல ஒரு தாளில் எழுதிக்கோங்க.

அடுத்து எல்லா வாய்ஸுக்கும் மூணு சோதனை. மூணுக்கும் பொதுவா: எச்பிஎஃப் 1-ல் (அதுதான் சமநிலை, 0-ல் பாஸ் ஏறும்), கோரஸ் ஆஃப், விசிஎஃப்-ல் என்வி பூஜ்யம், எல்எஃப்ஓ பூஜ்யம், விசிஏ சுவிட்ச் கேட் பக்கம்.

முதல் சோதனையில் ஃபில்டரைத் தனியா பாடவைக்கறோம். சா, பல்ஸ் இரண்டையும் அணைங்க, சப் பூஜ்யம், நாய்ஸ் பூஜ்யம். ரெசொனன்ஸ் 10, ஃப்ரீக்வென்சி 5 வாக்கில், கேஒய்பிடி (கட்டைக்கு ஏத்தபடி ஃபில்டரை நகர்த்தற ஸ்லைடர்) 10. இப்போ உள்ளே போகிற ஒலி எதுவும் இல்லை, வர்றது ஃபில்டர் தானே போடற விசில். ஆறு வாய்ஸும் ஒரே அளவில் விசிலடிச்சா 80017ஏ ஆறும் உயிரோட இருக்கு.

இரண்டாவது சோதனைக்கு ரெசொனன்ஸைக் கீழே இறக்கி, ஃப்ரீக்வென்சியை முழுசா திறந்து, நாய்ஸை மட்டும் ஏத்துங்க. ஆறும் ஒரே மாதிரி இரையணும். ஒண்ணு மட்டும் மந்தமா, கம்பளிக்குள் இருந்து வர்ற மாதிரி கேட்டால் அந்த ஃபில்டர் முழுசா திறக்கலை.

மூணாவது: நாய்ஸை இறக்கிட்டு சா மட்டும், பிறகு பல்ஸ் மட்டும், பிறகு சப் மட்டும். மூணையும் தனித்தனியா கேக்கணும். சேர்த்துப் போட்டுக் கேட்டால் ஒண்ணு காணாமல் போனதே காதில் விழாது.

அடங்காத வாய்ஸுக்கு ஒரு கூடுதல் வேலை. சா போட்டு, ஃபில்டரைத் திறந்து, அந்த வாய்ஸை ஒரு தடவை தட்டி விட்டுட்டு, வேற எதையும் தொடாமல் வால்யூமை ஏத்திக் கேளுங்க. டிசிஓ (அலையை உருவாக்கற பகுதி) நிக்கவே நிக்காது, எப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். கதவை மூடறது விசிஏ. கதவு சரியா மூடலைன்னா ஒலி கசியும். நீங்க சொல்ற பொரிகிற சத்தமும் சேர்ந்து வந்தால் அது 80017ஏ-வின் வழக்கமான நோய்தான்.

அந்த நோய்க்குக் காரணம் கேட்டால்: 80017ஏ-ங்கறது ஒத்தை சிப் இல்லை. சின்ன பலகையில் ஃபில்டர் ஐசி, விசிஏ ஐசி, பொடிப் பொடி ரெசிஸ்டர், கெபாசிடர் எல்லாம் ஒட்டி மேலே கறுப்புப் பூச்சு பூசியிருக்கும். பூச்சு புதுசா இருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. வருஷக்கணக்கில் லேசா கடத்த ஆரம்பிக்குது. ஃபில்டரையும் விசிஏவையும் ஆட்டிவைக்கறது மைக்ரோ ஆம்பியர் கணக்கில் இருக்கற கரண்ட். அந்த இடத்தில் ஒரு துளி கசிவு போதும், மூட வேண்டிய கதவு மூடாது. ஜூனோ-60-ல் இதே ஃபில்டர் ஐசி ஐஆர்3109, விசிஏ பிஏ662 எல்லாம் தனித்தனியா போர்டில் நிக்குது, பூச்சு கிடையாது. அதனால் அங்கே இந்த வியாதி இல்லை. 106-இன் வீட்டு மாடல் எச்எஸ்-60, ரேக் மாடல் எம்கேஎஸ்-7 இரண்டிலும் 80017ஏ இருக்கு, அதே வியாதியும் இருக்கு.

கோரஸ் இரைச்சல் பெரும்பாலும் கோளாறே இல்லை. எம்என்3009 பிபிடி (ஒலியைத் தாமதப்படுத்தற) சிப் இரண்டு போட்ட கோரஸ் அப்படித்தான் இரையும். இடது, வலது அவுட்டைத் தனித்தனியா கேளுங்க. கோரஸ் போட்டதும் ஒரு பக்கம் மட்டும் ஆடாமல் தட்டையா நின்னால் அப்போ கவலைப்படலாம்.

முடிவை இங்கே போடுங்க. அதுவரைக்கும் உள்ளே இருக்கற டிரிம்மர் (அளவு சரிபண்ற திருகு) எதையும் திருகாதீங்க, புண்ணியமா போகும். காதுக்கு சரியா வரலைன்னு நாலு டிரிம்மரைத் திருப்பிட்ட 106-ல் கோளாறைக் கண்டுபிடிக்கறது இரண்டு மடங்கு வேலை.

வோல்ட்டேஜ்வேலு எழுதியது:

சிப்புக்கு முன்னாடி கரண்ட். 100 வோல்ட் மாடல்னு படிச்சதும் சொல்லத் தோணுது.

உங்க ஸ்டெப் டவுன் என்ன கொடுக்குதுன்னு மீட்டரை வச்சுப் பாத்தீங்களா? கடையில் சாதாரணமா கிடைக்கறது அமெரிக்கச் சாமானுக்கான 110 வோல்ட். அது 117 வோல்ட் மாடலுக்குச் சரி. ஜப்பான் மாடலுக்கு 100-னு கேட்டு வாங்கணும். 230-ஐ 100 ஆக்கற டிரான்ஸ்பார்மர்கூட, ராத்திரி லைனில் 250 வந்தால் கிட்டத்தட்ட 109 கொடுக்கும். மிச்சம் வர்றதை எல்லாம் ரெகுலேட்டர் சூடா கக்கும், பக்கத்தில் இருக்கற கெபாசிடர் காயும். லைன் ஏறி இறங்கற ஏரியான்னா ஸ்டெப் டவுனுக்கு முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் வைங்க. அளவுக்கு 100 விஏ தாராளம்.

ஸ்டெப் டவுன் இல்லாமல் நேரா சுவரில் செருகினால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. பிளக் பொருந்துதுங்கற தைரியத்தில் செருகக் கூடாது. தகட்டைப் படிச்சுட்டுத்தான்.

திறந்த பிறகு முதல் அளவு பவர் சப்ளைதான். பிளஸ் 15, மைனஸ் 15, பிளஸ் 5. 15-கள் அரை வோல்ட்டுக்கு மேல் விலகியிருந்தாலோ, 5 வோல்ட் 4.8-க்குக் கீழே இருந்தாலோ அங்கேயே நில்லுங்க. அதைச் சரிபண்ணாமல் ஃபில்டர், வாய்ஸ்னு பேசறது வீண். மீட்டரை ஏசி ரேஞ்சில் வச்சும் ஒரு தடவை பாருங்க. சில மில்லி வோல்ட் வரலாம், பத்து பத்தா எகிறினால் பெரிய எலக்ட்ரோலைட்டிக்குகள் காலம் முடிஞ்சுது. பவர் கார்டு வந்து சேருற பக்கம் கை போகக் கூடாது, அங்கே 100 வோல்ட் திறந்து கிடக்கும்.

பேட்டரி சிஆர்2032, காலோட சால்டர் பண்ணினது. புதுசு 3.2 கிட்ட காட்டும், 2.8-க்கு வந்துட்டால் மாத்திடுங்க. மாத்தும்போது பேட்ச் 128-உம் போயிடும். அதனால் முதல்ல எடுத்து வைக்கணும். இரண்டு வழி இருக்கு.

டேப் வழி: பின்னாடி இருக்கற டேப் சேவ் ஜாக்கை கம்ப்யூட்டர் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, மோனோ, 44.1 கிலோ ஹெர்ட்ஸ், வேவ் ஃபைலா பதிவு பண்ணுங்க. எம்பி3 வேண்டாம், காதுக்குத் தெரியாத அளவில் அது அலையின் வடிவத்தை மாத்தும், டேட்டா படிக்க முடியாமல் போகலாம். அளவு உச்சியில் மைனஸ் 6 டெசிபெல் இருந்தால் போதும், சிவப்பு எரியக் கூடாது. பதிவானதைத் திரும்ப லோட் ஜாக்கில் விட்டு வெரிஃபை அடிச்சுப் பாக்காமல் பேட்டரியைத் தொடாதீங்க. பிறகு திரும்ப ஏத்தும்போது மெமரி புரொடெக்ட் சுவிட்ச் ஆஃபில் இருக்கணும். அதை மறந்துட்டு லோட் ஆகலைன்னு கேக்கறவங்கதான் அதிகம்.

மிடி வழி: பின்னாடி ஃபங்ஷன் சுவிட்சை மூணாவது இடத்தில் வைங்க. ஒரு பேட்சைத் தேர்ந்தெடுத்ததும் அதன் முழு அமைப்பும் சிஸ்எக்ஸ் (கருவிக்கே உரிய மிடி டேட்டா) செய்தியா வெளியே வரும். எஃப்0 41 30-னு தொடங்கும். ஏ, பி இரண்டு குரூப், குரூப்புக்கு 8 பேங்க், பேங்குக்கு 8 பேட்ச். 128 தடவை பட்டன் தட்டணும், கை வலிக்கும். ஆனா ஒவ்வொண்ணும் தனித்தனி ஃபைலா கிடைக்கும், டேப்பில் அது முடியாது.

பேட்டரி மேலேயே சால்டர் வைக்காதீங்க, லித்தியம் செல் சூடு தாங்காமல் வெடிக்கலாம். ஹோல்டர் ஒண்ணு போட்டுட்டா அடுத்த தடவை சால்டரிங் அயர்னே வேண்டாம். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் சிஆர்2032 ஹோல்டர் கிடைக்கும். பிளஸ், மைனஸை செல்லைக் கழட்டறதுக்கு முன்னாடியே போர்டில் மார்க்கரால் எழுதிடுங்க.

நகல்வேண்டாம் எழுதியது:

கேள்வியில் இருக்கற அசிட்டோன் பகுதிக்கு மட்டும்.

நான் ஊறவைக்கற கட்சி. பழைய சிப்புக்குள் இருக்கற ஐசி பெரும்பாலும் சாகலை, மேலே பூசினதுதான் கெட்டிருக்கு. அதை எடுத்துட்டால் அதே சிப், அதே ஒலி.

செய்முறை: சுத்தமான அசிட்டோன் வேணும், கெமிக்கல் சாமான் விக்கற கடையில் கேளுங்க. நகப்பாலிஷ் ரிமூவர் வேலைக்கு ஆகாது, தண்ணியும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். உலோக மூடி போட்ட கண்ணாடிக் குப்பி. பிளாஸ்டிக் டப்பா கரைஞ்சு சிப் மேலேயே ஒட்டிக்கும். சிப் முழுகற அளவு ஊத்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. சிலது 24 மணி நேரத்தில் தோல் உரியும், சிலது மூணு நாள் பிடிக்கும். ஊறினது வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி தானா கிளம்பி வரணும். கிளம்பலைன்னா திரும்பக் குப்பிக்குள். பிளேடால் சுரண்டறவங்கதான் சிப்பைக் கொல்றாங்க, அடியில் இருக்கற பொடிக் கெபாசிடர் பூச்சோடவே பெயர்ந்து வந்துடும். பல்குத்தற குச்சி போதும்.

எல்லாம் போன பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ் வச்சுக் கழுவி, ஒரு நாள் காய விடுங்க. திரும்பப் பூச்சு எதுவும் பூச வேண்டாம். ஜன்னல் திறந்த இடத்தில் செய்யணும், பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சூடான சால்டரிங் அயர்ன் எதுவும் கூடாது. அசிட்டோன் ஆவி தரையோட தவழ்ந்து போய்ப் பத்திக்கும்.

கழட்டும்போது கவனம். அந்தப் போர்டில் ஒட்டியிருக்கற செம்புத் தகடு சீக்கிரம் பெயர்ந்துடும். ஒவ்வொரு காலிலும் முதல்ல புது 60/40 ஈயம் வச்சு உருக்கி, அப்புறம் உறிஞ்சணும். பழைய ஈயத்தை அப்படியே உறிஞ்சினால் பாதிதான் வரும். ஒவ்வொரு காலும் ஓட்டைக்குள் லேசா ஆடுதான்னு பாத்துட்டுத்தான் சிப்பை இழுக்கணும். திரும்ப வைக்கும்போது சாக்கெட்: 2.54 மில்லி மீட்டர் இடைவெளி உள்ள மெஷின்டு பின் வரிசையை வெட்டிப் போடுங்க. உள்ளே தட்டையான தகடு உள்ள மலிவு சாக்கெட் வேண்டாம், ஆறு மாசத்தில் தளர்ந்து அதுவே புதுக் கோளாறா நிக்கும்.

அறுகால் எழுதியது:

அசிட்டோனுக்கு எதிர்க்கட்சி நான். மேலே சொன்ன முறையில் தப்பில்லை, ஆனா அதன் எல்லையைச் சொல்லணும்.

ஒண்ணு, கசிவு ஏற்கெனவே உள்ளே ஏதாவது ஒரு ஐசியைக் கெடுத்திருந்தால் பூச்சை உரிச்சும் பயனில்லை. இரண்டாவது, உரிச்சு நல்லா ஓடினதும் சில வருஷத்தில் திரும்பப் போறது உண்டு. ஊர் ஊரா தூக்கிட்டுப் போய் மேடையில் வாசிக்கற கருவின்னா நான் நகல் சிப்தான் போடுவேன். அனலாக் ரெனேசான்ஸ் போட்ட 80017ஏ நகல் பல வருஷமா புழக்கத்தில் இருக்கு, அதே காலுக்கு அப்படியே பொருந்தும். வீட்டிலேயே இருக்கற கருவி, பொறுமை இருக்குன்னா அசிட்டோன் முயற்சி பண்ணலாம். தோத்தால் நஷ்டம் அசிட்டோன் காசு மட்டும்தான்.

நகல் போட முடிவு பண்ணிட்டால் பழைய சிப்பை உறிஞ்சி உறிஞ்சிக் காப்பாத்த வேண்டாம். காலை ஒவ்வொண்ணா கட்டரால் வெட்டி, மிச்சத்தைத் தனித்தனியா சாமணத்தால் எடுங்க. போர்டுக்கு அதுதான் பாதுகாப்பு.

ஆறையும் ஒரே நேரத்தில் மாத்தணுமா என்கிற கேள்விக்கு: ஆறுக்கும் வயசு ஒண்ணுதான், இன்னிக்கு ஒண்ணு போனால் இன்னொண்ணு வரிசையில் நிக்குது. அதனால் ஆறுக்கும் சாக்கெட் ஒரே மூச்சில் போடறது நியாயம். சிப் ஆறும் புதுசா போடறது காசு இருக்கறவங்க விஷயம். ஆனா பாதி நகல், பாதி பழசுன்னு கலந்தால் ஒலியில் வித்தியாசம் தெரியும்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். டிரிம்மர் சரியா வச்சால் தெரியாது, வைக்கலைன்னா ஆறும் ஒரே சரக்கா இருந்தாலும் தெரியும்.

அந்த டிரிம்மர் வேலைக்கு ஆசிலோஸ்கோப் இல்லைங்கறீங்க. சர்வீஸ் நோட்ஸில் சொல்ற அளவுகளுக்கு அது வேணும்தான். இல்லாமலும் நல்ல வாய்ஸைப் பாத்து மாத்தின வாய்ஸைச் சேர்க்கலாம். பவர் போட்டு அரை மணி சூடாகட்டும். முன்னாடி சொன்ன விசில் அமைப்பு, கேஒய்பிடி 10. போனில் டியூனர் ஆப். நல்ல வாய்ஸில் ஒரு சி கட்டை, இரண்டு ஆக்டேவ் மேலே இன்னொரு சி. இரண்டுக்கும் ஆப் காட்டறதை எழுதிக்கோங்க. இப்போ புது சிப் இருக்கற வாய்ஸில் விசிஎஃப் ஃப்ரீக்வென்சி டிரிம்மரால் கீழ் சி-யைச் சேருங்க, விட்த் டிரிம்மரால் மேல் சி-யைச் சேருங்க. விட்த்தைத் தொட்டால் கீழே திரும்ப நகரும். மூணு, நாலு சுத்து மாறி மாறி வந்தால்தான் இரண்டும் நிக்கும். ஒரு தடவை திருப்பிட்டு முடிஞ்சதுன்னு மூடிடாதீங்க.

கெயின் டிரிம்மருக்கு கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் பண்ணி ஆறு வாய்ஸின் உச்ச அளவையும் எண்ணால் பாருங்க. அரை டெசிபெல்லுக்குள் கொண்டு வந்தால் காது கண்டுபிடிக்காது. ஆஃப்செட் டிரிம்மர் கட்டையைத் தட்டும்போது வர்ற 'டுப்' சத்தத்துக்கு. ஹெட்ஃபோனில் கேட்டுக் குறைஞ்ச இடத்தில் விடுங்க.

கட்டைவிரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டெப் டவுன் 112 கொடுத்துக்கிட்டு இருந்தது. வேலு சார் சொன்ன மாதிரி அது 110 பெட்டிதான். 100 வோல்ட் ஒண்ணு மாத்தியாச்சு. பேட்டரி 2.71. டேப் வழியா எடுத்து வெரிஃபை பண்ணியாச்சு, இன்னும் மாத்தலை. பவர் சப்ளை: பிளஸ் 15.1, மைனஸ் 14.9, 5.02. ஏசி ரேஞ்சில் 3 மில்லி வோல்ட்.

டெஸ்ட் மோடில் பாத்தது:

வாய்ஸ் 2-தான் அடங்காதது. விசில் வருது, ஆனா மத்ததைவிடச் சத்தம் கம்மி, சுருதி தானா மேலும் கீழும் நகருது. கட்டையை விட்டாலும் கசிவு. பொரிகிற சத்தமும் உண்டு.

வாய்ஸ் 4-தான் ஊமை. ஆனா விசில் நல்லா வருது, மத்த வாய்ஸ் அளவுக்கே. நாய்ஸும் நல்லா வருது. சப் மட்டும் ஏத்தினால் அதுவும் வருது, சுருதியும் சரி. சா போட்டால் ஒண்ணும் இல்லை, பல்ஸ் போட்டாலும் ஒண்ணும் இல்லை. பிடபிள்யூஎம் (பல்ஸ் அகலம்) ஸ்லைடரை எங்கே வச்சாலும் அப்படித்தான். இது 80017ஏ இல்லைதானே?

மத்த நாலும் எல்லாச் சோதனையிலும் ஒரே மாதிரி.

சால்டர்சாமி எழுதியது:

இல்லை. நீங்க ஆறு 80017ஏ வாங்கிப் போட்டிருந்தாலும் நாலாவது அப்படியே ஊமையா உட்கார்ந்திருக்கும்.

வாய்ஸ் 2 சந்தேகமே இல்லை, 80017ஏ போயிருக்கு. அசிட்டோனா, நகலாங்கறது உங்க இஷ்டம். அதை முதல்ல முடிச்சிடுங்க.

வாய்ஸ் 4-க்கு நீங்க எழுதினதிலேயே பாதிப் பதில் இருக்கு. விசிலும் நாய்ஸும் வருது, ஆக ஃபில்டரும் விசிஏவும் நலம். சப் வருது, சுருதியும் சரி. சப் கிளாக்கை இரண்டால் வகுத்து உருவாகற சதுர அலை, ஆக 8253-லிருந்து கிளாக் வந்து சேருது. போனது சா. பல்ஸும் சேர்ந்து ஏன் போச்சுன்னா, பல்ஸ் தனியா பிறக்கறது இல்லை. சா அலையை ஒரு வோல்ட்டேஜோட ஒப்பிட்டு வெட்டி எடுக்கறதுதான் பல்ஸ். அந்த வோல்ட்டேஜைத்தான் பிடபிள்யூஎம் ஸ்லைடர் நகர்த்துது. சா ஏறி இறங்கலைன்னா வெட்டறதுக்கு எதுவும் இல்லை, ஸ்லைடரை எங்கே வச்சாலும் மௌனம்தான். சா மட்டும் போய் பல்ஸ் வந்திருந்தால் வேற கதை. அப்போ அலை உள்ளே ஓடுது, வெளியே விடற சுவிட்ச் மட்டும் போயிருக்கும்.

சா ஏறாததுக்கு இரண்டு காரணம் இருக்க முடியும். 5534-ல் அந்தப் பாதி செத்திருக்கணும், இல்லைன்னா அதுக்கு வர வேண்டிய கன்ட்ரோல் வோல்ட்டேஜ் வரலை. சுருதி ஏற ஏற அலை வேகமா ஏறினால்தான் உயரம் ஒரே அளவில் நிக்கும். அதுக்கு சிபியு ஒவ்வொரு வாய்ஸுக்கும் ஒரு வோல்ட்டேஜ் அனுப்புது. ஒரே டிஏசி-யிலிருந்து (எண்ணை வோல்ட்டேஜா மாத்தற பகுதி) 4051 சுவிட்ச் வழியா பங்கு போட்டு, கெபாசிடரில் பிடிச்சு வச்சு, ஆப்-ஆம்ப் வழியா தரும். அந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் சா படுத்துடும், குற்றம் 5534 மேல் விழும்.

அதனால் சர்க்யூட் படத்தை வச்சுக்கிட்டு, வாய்ஸ் 4-இன் டிசிஓ கன்ட்ரோல் வோல்ட்டேஜ் 5534-இல் எந்தக் காலில் நுழையுதுன்னு பாருங்க. ஒரு கட்டையைப் பிடிச்சபடி அளவெடுங்க. அதே கட்டையை வாய்ஸ் 3-ல் பிடிச்சு அதன் காலில் அளவெடுங்க. இரண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், மேல் கட்டைக்குப் போனால் இரண்டும் சேர்ந்து மாறணும். நாலில் மட்டும் பூஜ்யமோ, 15 கிட்ட முட்டி நின்னாலோ, பின்னாடி நடங்க: ஆப்-ஆம்ப் அவுட், இன், 4051-இன் அவுட். எந்தக் காலில் வோல்ட்டேஜ் தொலையுதோ அங்கே கோளாறு. அப்படி இருந்தால் உங்களுக்கு யோகம், 4051-உம் ஆப்-ஆம்ப்பும் சில்லறைக் காசு.

வோல்ட்டேஜ் இரண்டிலும் சமம்னா, 5534-இன் கால்களில் ஒவ்வொண்ணா ஈயத்தை உருக்கிவிட்டு மறுபடி கேளுங்க, சில சமயம் விரிசல் விட்ட சால்டர்தான். அதுக்கும் அசையலைன்னா சிப்தான். 5534-க்கும் நகல் இருக்கு. அதை மாத்தும்போது நல்லா இருக்கற கூட்டாளி வாய்ஸும் அதோட சேர்ந்து புது சிப்புக்கு வருது. முடிஞ்சதும் அதையும் சேர்த்து எல்லாச் சோதனையும் செய்யுங்க. 5534-ஐ அசிட்டோனில் போட்டுப் பாக்கலாம், ஆனா நம்பிக்கை வைக்காதீங்க.

ஸ்கோப் இல்லாததுக்கு ஒரு ஆடியோ ப்ரோப் பண்ணிக்கோங்க. பழைய ஷீல்டு ஒயர், ஒரு முனையில் ஆம்ப்ளிஃபையருக்கான பிளக். மறுமுனையில் ஷீல்டை முதலைக் கிளிப்பால் ஜூனோவின் கிரவுண்டில் மாட்டுங்க. நடுக் கம்பியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிடரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வரிசையா. கெபாசிடர் முனையால் 5534 அவுட்டைத் தொட்டால் சத்தம் அங்கே இருக்கா இல்லையான்னு காதாலேயே தெரியும். ஆம்ப் வால்யூம் குறைவா இருக்கட்டும், தொடும்போது 'டப்'புன்னு அடிக்கும்.

கட்டைவிரல் எழுதியது:

புரிஞ்சுது சாமி சார். வீட்டில் எலக்ட்ரோலைட்டிக் 1 மைக்ரோதான் இருக்கு, ப்ரோபுக்கு அது ஆகுமா?

சால்டர்சாமி எழுதியது:

வேண்டாம். இந்தப் போர்டில் பிளஸ் 15-உம் இருக்கு, மைனஸ் 15-உம் இருக்கு. எலக்ட்ரோலைட்டிக்கை எந்தப் பக்கம் பிடிச்சாலும் பாதி இடத்தில் தலைகீழா இருக்கும். பாலியெஸ்டர் 0.1, 100 வோல்ட், இரண்டு வாங்கிக்கோங்க. மெஷின்டு பின் வரிசை, பேட்டரி ஹோல்டர் வாங்கப் போறப்போ அதே கடையில் கிடைக்கும்.